பெயர் சொல்லி எழுதிய காயம்

என் அன்பு மகளுக்கு,

உன்னுடன் பணிபுரிகிறவர் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் உன்னை இகழ்ந்து பேசியதையும், நீ இரவெல்லாம் விழித்துத் தயாரித்த அறிக்கையைத் தன்னுடையதென்று காட்டிக்கொண்டதையும் நீ தொலைபேசியில் சொன்னபோது, உன்னைத் தேற்ற எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த காலத்தில் என் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். எனக்கு வர வேண்டிய தகவலை மறைத்து வைப்பார். வேலை தாமதமானால் மேலதிகாரியிடம் பழியை என்மேல் போடுவார். அவருக்கு இடமாற்றம் கிடைக்க வேண்டுமென்று பல மாதங்கள் ஜெபித்தேன். அவர் அங்கேயேதான் இருந்தார். மனம் கசந்துபோய் வீட்டில் உன்மீது எரிந்து விழுந்த மாலை வேளைகளை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அந்நாட்களில்தான் வேதாகமத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். காவலில் இருந்துகொண்டு, தன் மகனாகவே எண்ணியவனுக்கு எழுதும் அந்தக் கடிதத்தில், கன்னானாகிய (செம்பு வேலை செய்பவனாகிய) அலெக்சந்தர் தனக்கு மிகுந்த தீமை செய்தான் என்று பவுல் பெயரைச் சொல்லியே எழுதுகிறார். அதற்குரிய பலனைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிறார். ஆனாலும் நீயும் அவனிடம் எச்சரிக்கையாயிரு என்று சொல்லத் தவறவில்லை. காயத்தை மறைப்பதுதான் பொறுமை என்று எண்ணியிருந்த எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. தன்னைக் கைவிட்டு விலகிப்போனவர்களைப் பற்றி அவர் எழுதும் விதமோ வேறு: அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருக்கட்டும் என்கிறார். என் பக்கம் நியாயம் இருந்தும் வாய் திறக்காத தோழியரை, அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் என்னால் மன்னிக்க முடிந்தது.

அதன்பின், யாரிடம் எதை எந்தத் தேதியில் கேட்டேன் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் குரல் உயர்த்தாமல் பேசினேன். அதுவரை அதிகாரிகளின் முன்னால் நா எழாத எனக்கு அந்தத் துணிவு ஜெபத்தில்தான் கிடைத்தது. என்மேல் பழி போட்டவர் மாறவில்லை, மகளே. ஆனால் அவர் அறைக்குள் நுழைந்ததும் என் கை நடுங்குவது நின்றது.

நீயும் நடந்தவற்றைத் தேதியிட்டு எழுதிவை; முறைப்படி புகார் கொடுக்கத் தயங்காதே. பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிராகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட 190ஆம் எண் உடன்படிக்கை, ஒரே ஒருமுறை நடந்ததையும் துன்புறுத்தலாகக் கருத இடம் தருகிறது; ஆகவே இது சிறிய விஷயம் என்று யாரும் உன் வாயை அடைக்க விடாதே. உறக்கமும் உடல்நலமும் கெடுமானால் அந்த வேலையை விட்டுவிடு. அதை விசுவாசக் குறைவு என்று நான் ஒருபோதும் எண்ணமாட்டேன்.

உன்னை இகழ்ந்தவருடைய பெயரை எனக்கு எழுது. இரவு ஜெபத்தில் உன் பெயருக்குப் பிறகு அதையும் சொல்ல விரும்புகிறேன்.

உன் அம்மா