சுடுதளங்களுக்கும் காலக்கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உள்ள இரகசிய விமானப்படைத் தளமான ‘ஏரியா 51’ பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பறக்கும் தட்டுகளுக்கு ஒதுக்கிய இடத்தில் கால் பங்கையாவது அந்த நிலம் இராணுவத்தின் கைக்கு வந்த வரலாற்றுக்குக் கொடுத்திருக்கலாம். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிலக் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வுபெற்ற எனக்கு, வேற்றுக்கிரகவாசிகளைவிட அதுவே வியப்பான செய்தி.

1940 அக்டோபர் 29 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையால், லாஸ் வேகாஸுக்கு வடக்கே ஏறத்தாழ 35 லட்சம் ஏக்கர் குண்டுவீச்சுக்கும் துப்பாக்கிச் சுடுதலுக்கும் உரிய பயிற்சி நிலமாயிற்று. வானம் ஆண்டின் பெரும்பகுதி தெளிவாக இருக்கும் என்பதோடு, நிலத்தின் பெரும்பங்கு ஏற்கெனவே கூட்டரசுக்குச் சொந்தமாக இருந்ததால் விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவையும் அதிகம் எழவில்லை. இடையே இருந்த சுரங்கக்காரர்களும் மாடு மேய்ப்பவர்களும் சிலரே. அது தங்கள் மண் என்று 1863 ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டி வாதாடிய மேற்கு ஷோஷோனி பழங்குடியினர் கணக்கிலேயே வரவில்லை. நான்காண்டுகளுக்கு முன்பு காட்டு ஆடுகளின் புகலிடமாக இதே ரூஸ்வெல்ட் அறிவித்திருந்த பரப்பில் ஒரு பகுதியும் இதற்குள் அடங்கிவிட்டது.

மறு ஆண்டில் அங்கே வான்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி அமைக்கப்பட்டது. ஓடும் லாரியில் நின்றபடி களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகிய இளைஞர்கள், பிறகு விமானமேறி, இன்னொரு விமானம் நீண்ட வடத்தில் கட்டி இழுத்துச் செல்லும் துணி இலக்கைச் சுட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனி நிறச் சாயத்தில் தோய்த்த தோட்டாக்கள் தரப்பட்டன. துணி தரைக்கு வந்ததும் ஓட்டைகளின் விளிம்பில் ஒட்டியிருந்த சாயத்தைப் பார்த்து யார் எத்தனை முறை குறி தப்பாமல் சுட்டார் என்று மதிப்பெண் போட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்த நிர்வாகம், நிலத்தை என்று திருப்பித் தரப்போகிறோம் என்பதற்கு அப்படி ஒரு கணக்கும் வைக்கவில்லை.

போர் முடிந்தும் இராணுவம் அங்கிருந்து விலகவில்லை. அந்த நிலத்திலிருந்து ஒரு பகுதி பிரிக்கப்பட்டு, 1951 ஜனவரி 27 அன்று அங்கே முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது. 1992 வரை 900க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. நெவாடாவில் மட்டுமல்ல, நியூ மெக்சிகோ மாநிலத்திலும் இதே கதைதான்: போர் முடியும்வரைதானே என்று நம்பி 1942 இல் இராணுவத்துக்கு நிலத்தை விட்டு வெளியேறிய பண்ணைக்காரர்களில் பலர் தங்கள் மேய்ச்சல் நிலங்களுக்குத் திரும்பவே இல்லை.

இந்தப் போக்குக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் 1958 இல் கடிவாளம் போட்டது. போரோ நெருக்கடி நிலையோ இல்லாத காலத்தில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலத்தை ஓர் இராணுவத் திட்டத்துக்கு ஒதுக்க வேண்டுமானால், அதற்கென நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியாக வேண்டும் என்றாயிற்று. பின்னர் 1986, 1999 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நெவாடா நிலத்துக்குக் காலவரையறை விதித்தன. சட்டம் வந்ததும் எல்லாம் சீராகிவிடவில்லை. ‘ஏரியா 51’ஐ ஒட்டிய குரூம் மலைப்பகுதியில் 89,000 ஏக்கரை 1984 இல் விமானப்படை முதலில் அடைத்தது, நாடாளுமன்ற ஒப்புதல் அதன் பிறகே கிடைத்தது. ஆயினும், எந்த அதிகாரத்தின் பேரில் அடைத்தீர்கள் என்று அதிகாரிகளை வரவழைத்துக் கேட்க ஒரு மன்றம் இருந்தது. 2021 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் 25 ஆண்டு நீட்டிப்பை வழங்கிய அதே மன்றம், விலங்குப் புகலிடத்துக்குள் மேலும் பரவ விமானப்படை கேட்ட அனுமதியை மறுத்தது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். நம்மிடம் இருப்பது ஆங்கிலேயர் காலத்தில், 1938 இல், போர்ப் பயிற்சிக்கும் பீரங்கிப் பயிற்சிக்கும் என இயற்றப்பட்ட சட்டம். மாநில அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே போதும்; குறித்த ஆண்டுகளுக்கு ஒரு வட்டாரம் சுடுதளமாகிவிடும். பயிற்சிப் படையோடு வருவாய் அலுவலரை மாவட்ட ஆட்சியர் அனுப்பி வைக்க வேண்டும், சேதத்துக்கான இழப்பீட்டை அவர் தீர்மானிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. மிதிபட்ட பயிருக்கு விலை சொல்ல அந்த அலுவலரால் இயலும். ஒரு தலைமுறை இழந்த மேய்ச்சல் புறம்போக்கின் மதிப்பை அவர் எந்தப் படிவத்தில் எழுதுவார்?

பொக்ரான் என்றதும் 1974, 1998 அணுச் சோதனைகளே நினைவுக்கு வருகின்றன. பீரங்கியும் போர் விமானமும் அங்கு வழக்கமாகச் சுட்டுப் பழகுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிகானேர் மாவட்டத்து மகாஜன் சுடுதளத்துக்காக 1980களில் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அங்கே அமெரிக்கப் படையுடன் நடக்கும் கூட்டுப் பயிற்சிகளின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன, அந்தக் கிராமங்களின் பெயர்கள் வருவதில்லை. மனிதர் அதிகம் நுழையாததால் பொக்ரான் சுடுதளத்தில் கானமயில் என்ற அரிய பறவை இன்னும் பிழைத்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உலோகத் துண்டுகளைப் பொறுக்கி விற்கச் செல்லும் ஏழைகள் வெடிக்காத குண்டுகளுக்குப் பலியாவதும் ராஜஸ்தானில் நடக்கிறது.

காலக்கெடு இருந்தால் என்ன பயன் என்பதை நம் நாட்டிலேயே காணலாம். காஷ்மீரின் தோசமைதான் புல்வெளிக்கான 50 ஆண்டுக் குத்தகை 2014 இல் முடிந்ததும் புதுப்பிக்கப்படவில்லை. இராணுவம் குண்டுகளை அகற்றி நிலத்தை விட்டுச் சென்றது. ஜார்கண்டின் நேதர்ஹாட்டில் மக்கள் பல ஆண்டுகள் போராடிய பின், அறிவிக்கையின் காலம் முடிந்த 2022 இல் மாநில அரசு நீட்டிப்பு தர மறுத்தது. தேதி என்று ஒன்று தாளில் இருந்ததால்தான் அந்த மக்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்தது.

பாலைவனம் நமக்குத் தொலைவு என்று தமிழ் வாசகர்கள் இருந்துவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் பசுமலைப்பட்டி சுடுதளத்திலிருந்து 2021 டிசம்பரில் பாய்ந்து வந்த துப்பாக்கிக் குண்டு, வீட்டிலிருந்த சிறுவனின் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகே அத்தளத்தை மூடினார்கள்.

படைகளுக்குப் பயிற்சி நிலம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இரகசியம் காக்க வேண்டுமே என்பார்கள். எல்லையும் பரப்பும் கால அளவும் அரசிதழ் அறிவிக்கையிலேயே அச்சாகும்போது, அவற்றைத் தொகுத்துச் சொல்வதில் என்ன இரகசியம்? ஒவ்வொரு சுடுதளமும் எந்த ஆண்டுவரை அறிவிக்கப்பட்டுள்ளது, வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி எந்த நிலையில் இருக்கிறது, வெளியேற்றப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் மாற்று நிலம் கிடைக்கவில்லை என்ற மூன்று விவரங்களையும் பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட ஒரு கேள்வியாக இதை வரும் கூட்டத்தொடரிலேயே தமிழக உறுப்பினர் எவரும் எழுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்,
ஆர்.கே. புரம், புது தில்லி