8128க்குப் பிறகு வரும் எண்

சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பா,

நாங்கள் அனைவரும் நலம். முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. உன் தீபாவளி அட்டைக்குப் பதில் எழுதாதது என் தவறு. நேரில் வரும்போது திட்டிக்கொள். இப்போது எழுதுவது வேறொரு காரணத்திற்காக.

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் 6, 28, 496, 8128 என்று எழுதி, தன்னை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்களை எல்லாம் கூட்டினால் தானே திரும்பக் கிடைக்கும் நிறைவெண்கள் இவை என்று சொன்ன அன்று, "இலக்கம் ஒவ்வொன்றாகக் கூடுகிறதே, அடுத்தது ஐந்து இலக்கம்தானே ஐயா?" என்று நீ எழுந்து கேட்டாய். மணி அடித்துவிட்டது. அதன் பிறகு எத்தனை நோட்டுகளை அந்த ஐந்து இலக்க எண்ணுக்காக நிரப்பினாய் என்பது, தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் தெரியும். அது அங்கே இல்லை, நண்பா. அதற்கு எட்டு இலக்கம்: 33550336.

சென்ற வாரம் பேத்தி அதே கேள்வியைக் கேட்டதால், நான்கு இரவுகள் உட்கார்ந்து கையாலேயே போட்டுப் பார்த்தேன். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை பகா எண்ணாக அமையும் இடத்தில், கடைசியாகக் கூட்டிய எண்ணால் அதைப் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும். இதைக் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். 127ஐ 64ஆல் பெருக்கியதுதான் 8128. அதற்குப் பிறகு 255, 511, 1023, 2047, 4095 என்று ஐந்து முறை தொடர்ந்து பகு எண்ணே வருகிறது. 2047ஐப் பகா எண் என்றே நம்பியிருந்தேன். 23ஆல் வகுத்தபோது 89 என்று சரியாக வந்து நின்றது. அடுத்த கூட்டுத்தொகையான 8191ஐ 2 முதல் 89 வரையுள்ள 24 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் அது மடியவில்லை.

8191ஐ 4096ஆல் பெருக்கு. விடையை வகுக்கும் சிறிய எண்கள் 25. அவற்றில் 1 முதல் 4096 வரையுள்ள பதின்மூன்றும் சேர்ந்து 8191. மற்றப் பன்னிரண்டும் 8191இன் மடங்குகள், அவற்றின் கூட்டுத்தொகை 8191இன் 4095 மடங்கு. இரண்டையும் சேர்த்தால் 33550336! அதையே 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதும் இரும எண்ணாக எழுதினால் 13 ஒன்றுகளும் அவற்றை அடுத்து 12 சுழியங்களும் வருகின்றன. ஒரே நிரையில் பதின்மூன்று பால்மரங்கள் நிற்க, அப்பால் பன்னிரண்டு குழிகள் கன்றில்லாமல் கிடப்பது போல.

பேத்தி அதன் இலக்கங்களை விரல்விட்டுக் கூட்டி, "தாத்தா, 28!" என்று கத்தினாள். 28, வாத்தியார் எழுதிய இரண்டாவது எண். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி இலக்கம் 6, 8, 6, 8 என்று மாறி மாறி வரும் என்றும் நீ சொல்லியிருந்தாய். ஐந்தாவதும் 6இல்தான் முடிகிறது. ஆனால் ஆறாவது எண் 8589869056. அதுவும் 6இலேயே முடிகிறது. ஒற்றைப்படை நிறைவெண் உண்டா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. உன்னிடம் அந்தப் பழைய நோட்டுகளில் ஒன்றாவது இருந்தால், மறக்காமல் எனக்கு அனுப்பு. பேத்தி பார்க்க வேண்டும் என்கிறாள்.

உன் நண்பன்