ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வார இறுதிக்கென்று நீங்கள் தொகுத்துப் போடும் இணையப் பக்கத்தை நான் தவறவிடுவதில்லை. அறிவியல், ஓவியம், விளையாட்டு என்று பத்துப் பன்னிரண்டு விஷயம் இருக்கும். எனக்குத் தையல் தொழில். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, அதில் உள்ளதையெல்லாம் மகளின் போனில் தேடிப் பார்ப்பேன். சென்ற வாரம் ஒன்றே ஒன்றில் மாட்டிக்கொண்டு இரவு பதினொரு மணி ஆகிவிட்டது.

'ஒரே வடிவ ஓடுகளைக் கொண்டு, திரும்பத் திரும்ப வராத தரை' என்று ஒரு வரியில் போட்டிருந்தீர்களே, அதுதான். சதுர ஓடு பதித்த தரையை அப்படியே ஒரு ஓடு அளவுக்கு நகர்த்தினால் பழைய தரையோடு பொருந்திவிடும். இந்தத் தரையை எத்தனை மைல் நகர்த்தினாலும் பொருந்தாது. இடைவெளியும் இருக்காது. 1966-ல் ராபர்ட் பெர்கர் என்ற கணிதக்காரர் இப்படித் திரும்ப வராத தரையைச் செய்து காட்டியபோது அவருக்கு 20,426 வகை ஓடுகள் தேவைப்பட்டன. 1970-களில் ரோஜர் பென்ரோஸ் இரண்டே வகையில் முடித்தார். ஒரே வகையில் முடியுமா என்ற கேள்விதான் பாக்கி இருந்தது.

அதற்கான வடிவத்தைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித். அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், பேராசிரியர் இல்லை. கணினியில் வடிவங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்று மட்டும் வித்தியாசமாகத் தெரியவே, அட்டையில் முப்பது துண்டு வெட்டி மேஜையில் அடுக்கிப் பார்த்திருக்கிறார். அப்புறம் மூன்று பேரோடு சேர்ந்து நிரூபித்து, 2023 மார்ச்சில் வெளியிட்டார்கள். அட்டை வெட்டி அடுக்குவது நான் தினமும் செய்கிற வேலை. படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

வடிவத்துக்கு 13 பக்கம். அவர்கள் 'தொப்பி' என்கிறார்கள். என் மனைவியோ பார்த்தவுடன் "அரைக்கை சட்டை" என்றாள். வரைவது சிரமமில்லை. அறுகோணங்களை ஒட்டி ஒட்டிப் போட்டு, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியிலிருந்தும் ஆறு பக்கங்களின் மத்திக்குக் கோடு இழுத்தால் பட்டம் போல ஆறு துண்டு வரும். அப்படி எட்டுப் பட்டம் சேர்ந்ததுதான் ஒரு தொப்பி. பழைய கல்யாணப் பத்திரிகைகளில் நாற்பது வெட்டி, கட்டிங் மேஜையில் அடுக்கினோம்.

பத்துப் பதினைந்து துண்டு போவதற்குள் ஒரு இடத்தில் எதை வைத்தாலும் சேரவில்லை. மகள்தான் ஒரு துண்டைக் குப்புறப் போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது! ஏறக்குறைய எட்டில் ஒன்றை இப்படித் திருப்பித்தான் போட வேண்டுமாம். எனக்கு அங்கேதான் ஒரு நெருடல். அட்டையைத் திருப்பலாம், பூப்போட்ட துணியைத் திருப்ப முடியுமா? அச்சு ஒரு பக்கம்தானே இருக்கும்? இடது கையை வலது கைக்குத் தைத்தது போல ஆகிவிடும். தேடிப் பார்த்தால், இதே குறையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதே நால்வர் 2023 மே மாதமே, திருப்பாமல் பொருந்தும் இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். என் மேஜையில் எனக்கு வந்த சந்தேகமும் கணிதக்காரர்களுக்கு வந்த சந்தேகமும் ஒன்று என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்தச் சந்தோஷம் மற்ற வாசகர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நீங்கள் ஒரு வரியில் சொல்லிப்போகும் பல விஷயங்களில் நம்மைப் போன்றவர்களின் கை இருக்கிறது. 2007-ல் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களே வகை பிரிக்கும் 'கேலக்ஸி ஸூ' தொடங்கியபோது, யாருக்கும் விளங்காத ஒரு ஒளித்திட்டைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஒருவர். புரதம் எப்படி மடிந்திருக்கும் என்று கண்டுபிடிக்கும் 'ஃபோல்டிட்' என்ற கணினி விளையாட்டை ஆடியவர்கள், பத்தாண்டுக்கு மேல் பிடிபடாத ஒரு குரங்கு வைரஸ் நொதியின் அமைப்பைச் சில வாரங்களில் பிடித்தார்கள். 2011-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. இதையெல்லாம் சொன்னால்தானே படிப்பவருக்கு நாமும் உட்கார்ந்து பார்ப்போம் என்று தோன்றும்?

ஓவியத்துக்கும் அப்படித்தான். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து ஒட்டி, 71,700 கோடி புள்ளிகள் கொண்ட ஒரே படமாக வைத்திருக்கிறது என்று எழுதினீர்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். மஞ்சள் உடுப்புப் போட்டவரின் மேலங்கி ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்க ஜரிகை வேலையில் ஒரு சிங்கம் ஆம்ஸ்டர்டாம் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிட்டப் போனால் நூல் மறைந்து வெறும் வண்ணத் தீற்றல்தான் தெரியும்.

பத்து விஷயம் வேண்டாம், வாரம் இரண்டு போதும். ஒன்றையாவது வீட்டில் செய்து பார்க்கிற மாதிரி எழுதுங்கள். முதலில் அந்த 13 பக்க வடிவத்தின் வெளிக்கோட்டை, வெட்டி எடுக்கும் அளவில் ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகர்,
திண்டுக்கல்.