புகார்: புதிய ஃபர்ம்வேருக்குப் பின் ஸ்பானிங் ட்ரீ நிலைகுலைவதும் அதற்கு உங்கள் உதவி மையம் தந்த பதில்களும்

அனுப்புநர்:
வலையமைப்புப் பராமரிப்புக் குழு

பெறுநர்:
தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர்,
ஸ்விட்ச் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: 24 போர்ட் ஆக்சஸ் ஸ்விட்ச்கள் 14இல் ஸ்பானிங் ட்ரீ கோளாறு, திருத்தம் அல்லது பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஸ்விட்ச்களில் புதிய ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருளை) ஏற்றிய நாளிலிருந்து, உபரி லிங்க்குகளைத் தடுத்து வைத்து லூப் விழாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை நிலைகுலைந்து, வலையமைப்பு ஒரு முழு வேலைநாள்கூட ஒழுங்காக ஓடவில்லை. உதவி மையத்தில் பதிவு செய்த புகார் ஆறு வாரங்களில் மூன்று முறை 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டு, மூன்று முறையும் எங்களால் திறக்கப்பட்டது. அங்கே இருப்பவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கேள்வித்தாளில் இந்தக் கோளாறுக்கு இடமே இல்லை. ஆகவே கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நாங்களே தேடிக் கண்டுபிடித்து, சோதித்து, இங்கே தருகிறோம்.

முதலில் அமைப்பு. இரண்டு கோர் (மைய) ஸ்விட்ச்கள், இரண்டும் வேறு தயாரிப்பு. முதல் கோரின் முன்னுரிமை 4096 (எண் குறைந்தால் உயர்வு), இரண்டாவதன் முன்னுரிமை 8192. உங்கள் 14 ஸ்விட்ச்களும் 32768லேயே இருக்கின்றன. ரூட் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமை ஸ்விட்ச்) யார் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. 12 ஸ்விட்ச்களிலிருந்து இரு கோருக்கும் தலா ஓர் அப்லிங்க் (மேல்நோக்கிய இணைப்பு). மீதி இரண்டும் ஒரு கட்டடத்தில் வளையமாக இருக்கின்றன: ஒன்று முதல் கோருக்கு, மற்றது இரண்டாம் கோருக்கு, நடுவே இரண்டையும் இணைக்கும் ஒரு லிங்க். அந்த நடு லிங்க் ஒரு முனையில் தடுக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஆர்எஸ்டிபி (ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவம்), ஹலோ 2 நொடி, எந்த டைமரையும் தொட்டதில்லை.

இப்போது கோளாறு. உங்கள் ஸ்விட்சின் சிபியுவுக்கு பிராட்காஸ்ட் (எல்லோருக்குமான ஃபிரேம்) கூடுதலாக வரும்போது, அது பிபிடியுக்களை, அதாவது ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்ச்கள் பரிமாறும் செய்திகளைக் கீழே போட்டுவிடுகிறது. அவ்வளவுதான். மற்ற அறிகுறிகள் பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

'கேபிளைப் பாருங்கள்' என்று நான்கு முறை சொல்லப்பட்டதால், பிபிடியு கம்பியில் வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தோம். அப்லிங்க் போர்ட்டின் உள்வரும் போக்குவரத்தை மிரர் செய்து (நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பகுப்பாய்வு மென்பொருளில் பிடித்தால், 01:80:சி2:00:00:00 முகவரிக்கான பிபிடியு 2 நொடிக்கு ஒன்று வீதம், ஒன்றுகூடத் தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் ஸ்விட்சுக்குள் அந்த போர்ட்டின் 'பெறப்பட்ட பிபிடியு' எண்ணிக்கை நகரவில்லை. போர்ட்டில் சிஆர்சி பிழை (ஃபிரேம் சிதைவு) பூஜ்யம், டூப்ளெக்ஸ் இருபுறமும் ஃபுல், ஃபைபரின் ஒளி அளவு வரம்புக்குள். கம்பி வரை வந்தது சிபியு வரை போகவில்லை.

பிறகு ஒரு ஸ்விட்சை மேசையில் தனியாக வைத்து, ஒரு ஆக்சஸ் போர்ட்டில் டிராஃபிக் ஜெனரேட்டரால் ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்கும் பிராட்காஸ்ட்) கோரிக்கைகளைச் செலுத்தினோம். நொடிக்கு 1,200 வரை ஒரு பிபிடியுவும் தொலையவில்லை. 2,000இல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைகிறது. 3,000இல் முற்றிலும் நின்றுவிடுகிறது. 64 பைட் ஃபிரேம்களால் ஒரு கிகாபிட் போர்ட் நிரம்பினால் நொடிக்கு 14,88,095 ஃபிரேம்கள். அதில் 3,000 என்பது 0.2 சதவீதம். இந்த அளவுக்கு ஒரே ஒரு மடிக்கணினி போதும். பழைய ஃபர்ம்வேரில் இதே ஸ்விட்ச் இதே 3,000ஐ அசையாமல் தாங்கியது. வன்பொருள் மாறவில்லை, ஆகவே மாறியது உங்கள் மென்பொருள்தான். காரணமும் மறைவாக இல்லை. சிபியு கியூக்களின் (காத்திருப்பு வரிசைகளின்) கணக்கைக் காட்டும் உங்கள் கட்டளையையே ஓட்டிப் பாருங்கள்: ஏஆர்பி வரும்போதும் பிபிடியு வரும்போதும் ஒரே கியூவின் எண்தான் ஏறுகிறது, கைவிடப்பட்டவையும் அதே கியூவில்தான் பதிவாகின்றன. போதாக்குறைக்கு, ஸ்விட்சுக்கு ஐபி முகவரியே இல்லாத விலான்களின் (தனித்தனியாகப் பிரித்த உள்வலைகளின்) ஏஆர்பியையும் புதிய ஃபர்ம்வேர் சிபியுவுக்கு இழுத்துக்கொள்கிறது. அதற்கு அங்கே என்ன வேலை?

விளைவு இரண்டு விதம். இழப்பு அரைகுறையாக இருந்தால் ரூட் போர்ட்டில் (ரூட்டை நோக்கிய போர்ட்டில்) மட்டும் அடுத்தடுத்து மூன்று ஹலோக்கள், அதாவது 2 நொடிக்கு ஒருமுறை வரும் பிபிடியுக்கள், தவறுகின்றன. ஆர்எஸ்டிபியில் அதுவே போதும். 6 நொடியில் அந்தத் தகவல் காலாவதியாகி, மாற்று போர்ட் உடனே ரூட் போர்ட்டாகி ஃபார்வர்டிங்குக்கு, அதாவது போக்குவரத்தைக் கடத்தும் நிலைக்குப் போகிறது. அடுத்த பிபிடியு வந்ததும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. போகும்போது ஒரு டோபாலஜி மாற்றம் (பாதை அமைப்பு மாறியது என்ற அறிவிப்பு), வரும்போது ஒன்று. ஒவ்வொன்றிலும் வலையமைப்பு முழுக்க மேக் அட்டவணை (எந்த முகவரி எந்த போர்ட்டில் என்ற பதிவு) துடைக்கப்பட்டு, முகவரி மறுபடி கற்கப்படும்வரை யூனிகாஸ்ட் (ஒருவருக்கு மட்டுமான ஃபிரேம்) எல்லாப் போர்ட்டிலும் வெள்ளமாகப் பாய்கிறது. அட்டவணையில் 300 நொடி இருக்க வேண்டிய பதிவு சில நொடிகள்கூட நிலைப்பதில்லை.

இழப்பு முழுமையாக இருந்தால் நிலைமை வேறு. ஸ்விட்சுக்கு எந்தப் பக்கமும் காது கேட்கவில்லை. தன்னையே ரூட் என்று அறிவித்துக்கொள்கிறது. தடுக்கப்பட்டிருந்த போர்ட் டெசிக்னேட்டட் (அந்த லிங்குக்குப் பொறுப்பான போர்ட்) ஆகி, 15 நொடி காத்து, 15 நொடி கற்று, திறந்துகொள்கிறது. முதல் 6 நொடியையும் சேர்த்தால் 36. கோருக்கு நேராக இணைந்த 12 ஸ்விட்ச்களில் இது லூப் ஆகவில்லை. தாழ்ந்த பிபிடியு கற்கும் நிலையிலிருந்து வருவதைக் கண்டால் எதிர்ப்பக்கம் தன் போர்ட்டை மூடிக்கொள்ள 802.1டியின் 2004 பதிப்பிலேயே வழி இருக்கிறது, கோர் அதைச் செய்தது. வளையத்தில் அப்படி இல்லை. அங்கே எதிர்ப்பக்கமும் உங்கள் ஸ்விட்ச்தான். அதன் காதும் அதே நேரத்தில் அடைத்திருந்தது. லூப் விழுந்தது. ஈதர்நெட் ஃபிரேமில் ஆயுள் எண்ணிக்கை கிடையாது என்பதால் சுற்றும் பிராட்காஸ்ட் தானாகச் சாகாது. அந்தப் புயல் அதே சிபியு கியூவை நிரப்புகிறது, அதனால் பிபிடியு இனி வரவே வராது, அதனால் லூப் மூடவே மூடாது. நடு லிங்கைக் கையால் பிடுங்கினால்தான் நிற்கிறது. லூப்பைத் தடுக்கவே பிறந்த ஒரு நெறிமுறை, லூப் வந்ததும் முதலில் பலியாவதுபோல் வடிவமைத்திருக்கிறீர்கள்.

இதற்கு உதவி மையம் சொன்ன மருந்துகளைப் பார்ப்போம். மேக்ஸ் ஏஜை (பிபிடியு தகவலின் ஆயுள் வரம்பை) 20இலிருந்து 40 ஆக்கச் சொன்னார்கள். பழைய எஸ்டிபியில் அதற்குப் பொருள் உண்டு; ஆர்எஸ்டிபியில் தகவல் காலாவதியாவது மூன்று ஹலோ கணக்கில், மேக்ஸ் ஏஜ் கணக்கில் அல்ல. மாற்றிப் பார்த்தோம், 6 நொடி 6 நொடியாகவே இருந்தது. கோரில் ரூட் கார்டு போடச் சொன்னார்கள். ரூட் கார்டு தடுப்பது மேலான பிபிடியுவை. 32768 முன்னுரிமையோடு தன்னை ரூட் என்று சொல்லிக்கொள்ளும் ஸ்விட்ச் அனுப்புவது 4096ஐவிடத் தாழ்ந்தது. ரூட் கார்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லூப் கார்டு என்ற மூன்றாவது யோசனையில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. பிபிடியு நின்றால் போர்ட்டைத் திறக்காமல் தடுத்து வைக்கும். ஆனால் உங்கள் ஸ்விட்சில் இரண்டு அப்லிங்கிலும் சேர்ந்தே பிபிடியு நிற்பதால் இரண்டையும் தடுத்துவிட்டு, ஸ்விட்சே தனித்தீவாகிவிடும். தவிர, அந்தக் கட்டளையை ஏற்றுக்கொள்ளும் உங்கள் ஃபர்ம்வேர், சேமித்த பிறகும் மறுதொடக்கத்தில் அதை கான்ஃபிக்கிலிருந்து தொலைத்துவிடுகிறது. இதை ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கடைசியாக, ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திவிட்டு ஒற்றை அப்லிங்கில் ஓட்டச் சொன்னார்கள். பிரேக் சத்தம் போடுகிறது என்றால் கழற்றிவிடு என்பது போல.

இரண்டாவது பிழை தனியானது, ஆனால் முதலாவதோடு சேர்ந்தே காலையில் தாக்குகிறது. குரல் விலானும் தரவு விலானும் சேர்ந்துள்ள போர்ட்டைப் புதிய ஃபர்ம்வேர் ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் லிங்க்) என்று எடுத்துக்கொண்டு, அதன் எட்ஜ் நிலையை (கணினி போன்ற முனைக் கருவிக்காகக் காத்திருக்காமல் திறக்கும் நிலையை) நீக்கிவிடுகிறது. கான்ஃபிக்கில் எட்ஜ் என்று இருக்கும். போர்ட்டின் நடப்பு நிலையைக் கேட்டால் இல்லை என்று வரும். பிபிடியு வராத போர்ட்டை 3 நொடியில் தானாக எட்ஜ் என்று கண்டுகொள்ளும் வசதியும் இந்தப் போர்ட்களில் வேலை செய்யவில்லை. எனவே தொலைபேசிக்குப் பின்னால் கணினியைச் செருகிய ஒவ்வொரு போர்ட்டும் லிங்க் எழுந்ததும் 30 நொடி மூடிக்கிடக்கிறது. அதற்குள் டிஹெச்சிபி (முகவரி கேட்டு வாங்கும் நெறிமுறை) களைத்துப்போய், கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் 169.254 முகவரியை எடுத்துக்கொள்கிறது. 'டிஹெச்சிபி சர்வரைச் சரிபாருங்கள்' என்று வந்த பதிலுக்கு இதுதான் விளக்கம். 30 நொடி கழித்து போர்ட் ஃபார்வர்டிங் ஆனதும் டோபாலஜி மாற்றம் ஒன்று கிளம்புகிறது. ஆர்எஸ்டிபியில் லிங்க் விழுவது மாற்றமாகக் கணக்கில் வராது, எட்ஜ் அல்லாத போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வருவதே வரும். நூற்றுக்கணக்கான கணினிகள் அரை மணிநேரத்தில் உயிர்பெறும் காலைப்பொழுதில், இந்தத் துடைப்பு வேலையும் ஏஆர்பி நெரிசலும் கைகோத்துக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால், உங்கள் லாக்தான் காரணம். 'டோபாலஜி மாறியது' என்று ஒரே வரி. எந்த போர்ட்டிலிருந்து, பெற்றதா தானே கிளப்பியதா, எந்த இன்ஸ்டன்ஸ், எதுவும் இல்லை. கோரில் தொடங்கி, மாற்ற அறிவிப்பு எந்த போர்ட் வழியாக வந்தது என்று பார்த்து, அதன் மறுமுனை ஸ்விட்சுக்குப் போய், அங்கே போர்ட் வாரியான எண்ணிக்கையை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டு, இப்படிக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

பாத் காஸ்ட் (ரூட்டுக்குப் போகும் பாதையின் செலவு மதிப்பு; குறைவானதே தேர்வாகும்) பற்றியும் ஒரு வார்த்தை. மேம்படுத்தலின்போது கிகாபிட் போர்ட்டின் மதிப்பு 4இலிருந்து 20000 ஆகிவிட்டது, அதாவது குறுகிய முறையிலிருந்து நீண்ட முறைக்கு. நீண்ட முறை நல்லதுதான், ஆனால் சொல்லாமல் மாற்றக்கூடாது. பாதி ஸ்விட்ச்கள் மேம்பட்டு பாதி மேம்படாத வலையமைப்பில், பழைய ஸ்விட்ச் ஒன்று 100 மெகாபிட் லிங்க் மூன்றைத் தாண்டிப் போகும் பாதையை 57 என்று எண்ணி, புதிய ஸ்விட்ச் வழியான கிகாபிட் பாதையை 20004 என்று எண்ணி ஒதுக்கிவிடும். வெளியீட்டுக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

தற்போதைக்கு ஆக்சஸ் போர்ட்களில் பிராட்காஸ்டை நொடிக்கு 40 ஃபிரேம் என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறோம். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு: வரம்பு போர்ட்டுக்குத் தனித்தனி, சிபியு மட்டும் பொது. 24 போர்ட்டும் சேர்ந்து 960. அப்லிங்க் வழியாக வருவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு 1,200க்குள் நிற்க வேண்டும். இதை நீங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தீர்வாகச் சொல்லிவிட வேண்டாம். பக்கத்து ஸ்விட்ச்களிலிருந்து அப்லிங்கில் வரும் பிராட்காஸ்டை இது கட்டுப்படுத்தாது, அப்லிங்கில் வரம்பு போட்டால் நியாயமான ஏஆர்பியும் சேர்ந்து வெட்டுப்படும். வளையத்தின் நடு லிங்கை நிர்வாக முறையில் அணைத்துவிட்டோம். ஆக, மாற்றுப்பாதைக்காக இழுத்த ஃபைபர் சும்மா கிடக்கிறது.

பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பலாம் என்றால், அந்தக் கோப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். எங்களிடம் சேமிப்பில் இருந்த கோப்பையோ புதிய பூட்லோடர் ஏற்க மறுக்கிறது. மேசைச் சோதனையில் பழைய ஃபர்ம்வேரோடு ஒப்பிட முடிந்தது, பெட்டியிலேயே மேம்படுத்தாமல் கிடந்த ஓர் உதிரி ஸ்விட்சால்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை. பிபிடியு, எல்ஏசிபி (பல லிங்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் நெறிமுறை) போன்ற கட்டுப்பாட்டு ஃபிரேம்களுக்கு சிபியுவில் தனியான, மிக உயர்ந்த முன்னுரிமையுள்ள கியூ வேண்டும். ஏஆர்பிக்குத் தனி வேக வரம்பு வேண்டும். ஐபி இல்லாத விலானின் ஏஆர்பி சிபியுவுக்கு வரவே கூடாது. குரல் விலான் போர்ட்டில் எட்ஜ் நிலை நிற்க வேண்டும். லூப் கார்டு மறுதொடக்கத்தைத் தாண்டி இருக்க வேண்டும். டோபாலஜி மாற்ற லாகில் போர்ட், திசை, நேரம் மூன்றும் வேண்டும். திருத்தம் வரும்வரை பழைய ஃபர்ம்வேரை ஏற்க வழி செய்து, 15 நாட்களுக்குள் தர வேண்டும். இது ஒன்றே எங்களுக்கு உடனடி அவசரம்.

திருத்தப்பட்ட ஃபர்ம்வேர் 60 நாட்களுக்குள் வராவிட்டால், 14 ஸ்விட்ச்களையும் உதிரி ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். பதில், ஸ்பானிங் ட்ரீ நிரலில் கை வைத்த பொறியாளரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும். மேசைச் சோதனையை அவர் முன்னால் மறுபடி நடத்திக் காட்டவும் தயார். ஒரு ஸ்விட்ச், ஒரு கணினி, பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புக் குழு

இணைப்பு: அப்லிங்க் மிரர் பதிவு, அதே நேரத்து பிபிடியு மற்றும் சிபியு கியூ எண்ணிக்கைகள், 1,200, 2,000, 3,000 ஏஆர்பி சோதனைகளின் லாக், இரு ஃபர்ம்வேரிலும், மூடப்பட்ட மூன்று புகார்களின் கடிதப் போக்குவரத்து.