குழாயடியில் பனி அள்ளிய தம்பிக்கும், இக்காலுயிட் ஆக்கள் எல்லோருக்கும்

அன்புள்ள ஊராருக்கும், ஸ்காபரோவிலிருந்து இரவிரவாகப் போன் எடுத்த சொந்தங்களுக்கும்,

கொவிட் வந்த இவருக்கும் எனக்கும் இப்போது சுகம். பிள்ளைகளுக்குத் தொற்றவில்லை. தாதி நேற்றுக் கடைசித் தடவையாக அழைத்து, தனிமைப்படுத்தல் முடிந்தது, இனி வெளியே போகலாம் என்றார். பிள்ளைகள் தொப்பியும் இல்லாமல் கையுறையும் இல்லாமல் படியிறங்கி ஓடிவிட்டார்கள். நான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆறப்போட்டால் மரியாதைக்கு எழுதியதாகிவிடும். நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை, ஊருக்கே தெரியும்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுத் தம்பிக்கு. வயது பதினேழு பதினெட்டு இருக்கும். பெயரைப் போட்டால் கூச்சப்படுவான், விட்டுவிடுகிறேன்.

தெற்குக் கனடாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும். இங்கே, கனடாவின் ஆர்க்டிக் வடக்கில், நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரான இக்காலுயிட்டில், நிலத்தடி மண் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும். ஊரில் கனக்க வீடுகளுக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வராது. பவுசர் வந்து, வெளிச்சுவரில் உள்ள குழாய்வாயில் பைப்பைக் கொழுவி, வீட்டுத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும். கழிவை எடுக்க வேறொரு வண்டி. படியிலும் குழாயடியிலும் பனி குவியாமல் பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை. இல்லாவிட்டால் சாரதி தண்ணீர் அடிக்காமலே போகக்கூடும். சரி, வீட்டுக்காரரே வாசலைத் தாண்டக்கூடாது என்றால் என்ன செய்வது? கையைக் கழுவு, கழுவு என்கிறார்கள். நாலு பேரும் நாள் முழுக்க வீட்டுக்குள். தாங்கி இறங்கும் வேகத்தைப் பார்க்கக் காய்ச்சலைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அப்படியிருக்கப் பனிப்புயல் வேறு. அடுத்த நாள் காலை யன்னல் திரையை விலக்கினால், படியில் பாதி ஏற்கெனவே துப்புரவாகிவிட்டது. சவளும் கையுமாகத் தம்பி நிற்கிறான். நாங்கள் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. கண்ணாடியில் தட்டினேன். நிமிர்ந்தான். தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவில் கண் மட்டும்தான் தெரிந்தது. குளிரவில்லையா என்று சைகையில் கேட்டேன். மூக்குத்தண்டு சுருங்கியது. இல்லையாம். குழாயைக் காட்டினேன், அது சரியா? புருவம் இரண்டும் உயர்ந்தன. ஓமாம்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் ஆக்கள் ஓம் என்பதையும் இல்லை என்பதையும் இப்படி முகத்தாலேயே சொல்லிவிடுவார்கள். வந்த புதிதில் கடையில் எதையாவது கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றிருக்கிறேன். அவர்கள் பதிலை எப்போதோ சொல்லி முடித்திருப்பார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டு திரியும் இந்தக் காலத்துக்கு இதைவிட வசதியான பேச்சு வேறில்லை.

அதன் பிறகு பனி கொட்டிய ஒரு நாளையும் அவன் தவறவிடவில்லை. ஒருநாள் குழாய்வாயைச் சுற்றிப் பனிக்கட்டி இறுகிவிட்டது. சவள் ஏறவில்லை. ஒரு கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்குரூ டிரைவரால் துண்டு துண்டாகத் தட்டி எடுத்தான். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை சிவந்துவிட்டது. ஊதுவான், தட்டுவான், திரும்ப ஊதுவான். அன்று பின்னேரம் பவுசர் வந்து தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோது நான் குசினியில் நின்று அழுதேன். காசு கொடுக்கலாம் என்று அவனுடைய அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். தங்கள் படியை அள்ளுகிறவனுக்குப் பக்கத்துப் படி என்ன தூரமா என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இதில் இன்னொன்று எனக்கு உறைக்கிறது. நுனாவுட்டில் உள்ள 25 ஊர்களுக்கும் வெளியிலிருந்து தெரு கிடையாது. வருவதெல்லாம் விமானத்தில்தான், கோடையில் மட்டும் கப்பல். வைரசும் அப்படித் தெற்கிலிருந்து வந்ததுதான், நாங்கள் வந்ததும் அதே வழிதான். 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஒட்டாவாவிலோ வினிப்பெக்கிலோ எட்மன்டனிலோ யெலோநைஃபிலோ 14 நாள் ஹோட்டல் அறைக்குள் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏற முடிந்தது. கனடா முழுக்கப் பரவிய பிறகும், நவம்பர் 6 வரைக்கும் இங்கே எந்த ஊரிலும் ஒருவருக்கும் இல்லை. அப்புறம் சனிகிலுவாக், ரான்கின் இன்லெட், ஆர்வியட் என்று நுனாவுட் ஊர்களுக்குள் வந்தது. இரண்டு வாரம் பிரதேசம் முழுவதையும் பூட்டினார்கள். இவ்வளவு கவனமாகக் காத்த ஊர் இது. போன மாதம் இக்காலுயிட்டுக்குள்ளும் அது வந்தபோது, எங்கே பிடித்தீர்கள், யார் கொண்டுவந்தது என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நியாயம்தான்.

இவருக்கு மூச்சு வாங்கிய அந்த இரவில், ஒட்டாவாவுக்கு ஏற்ற வேண்டி வருமோ என்று பயந்துகொண்டிருந்தேன். பிரதேசம் முழுமைக்கும் இருப்பது இங்குள்ள ஒரே வைத்தியசாலை. அதற்கு மேல் என்றால் விமானத்தில் மூன்று மணித்தியாலம். நல்ல காலம், ஏற்ற வேண்டி வரவில்லை. இங்குள்ள முதியவர்களுக்கு அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன். 1950களில் காசநோய் பரவியபோது, சி. டி. ஹவ் என்ற கப்பல் ஊர் ஊராக வந்து எக்ஸ்ரே எடுத்தது. நோய் கண்டவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு தெற்கே போனது. கனபேர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சில வீடுகளுக்குச் சொல்லவில்லை. 2019 மார்ச்சில் பிரதமர் ட்ரூடோ இந்த ஊருக்கே வந்து அதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைதான் எங்கள் படியில் நின்றான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. தனி அறையில் இருங்கள், தனிக் குளியலறை பாவியுங்கள் என்ற அறிவுரை எங்களுக்குச் சரிவந்தது, எங்களிடம் அறை இருந்தது. சின்ன வீட்டில் மூன்று தலைமுறை நெருங்கிப் படுக்கும் குடும்பங்கள் இங்கே கனக்க இருக்கின்றன. அவர்களிடம் அதைச் சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் வாய் கூச வேண்டும்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தினமும் போனில் காய்ச்சல் எத்தனை என்று கேட்ட தாதிமார், குளிருக்குள் வாசலுக்கே வந்து மூக்கில் குச்சி விட்டவர்கள், பெரிய விஷயத்தையும் குரல் உயர்த்தாமல் சொன்ன, நுனாவுட்டின் அப்போதைய தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி வைத்தியர் மைக்கல் பேட்டர்சன், தெற்கில் எங்கள் வயதுக்காரருக்குக் கிடைக்க முன்பே மொடெர்னாவின் முதல் ஊசியை எங்களுக்குப் போட்டவர்கள், பவுசர் சாரதிமார், கழிவு வண்டி அண்ணன்மார், சாமானைப் படியில் வைத்துவிட்டுக் கையசைத்த கடைப் பிள்ளைகள், ஆர்க்டிக் சார் மீனை முழுசாகத் தந்து எங்கள் குழம்புக்கு வழி செய்த அயலார், ரசத்துக்கு மிளகு கூடப் போடச் சொன்ன மாமி. எல்லோருக்கும் நன்றி. மணம் தெரியாத நாட்கள் மாமி, மிளகு வீண்தான். ஆனாலும் போட்டேன்.

வரும் குளிர்காலத்துக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கோடைக் கப்பலுக்கு எழுதிய சாமான் பட்டியலில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளுடன் நல்ல சவள் இரண்டு சேர்த்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று இவருக்கு. எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் படியும் குழாயடியும் இனி எங்கள் பொறுப்பு. தம்பிக்கும் சொல்லியாயிற்று. புருவத்தை உயர்த்தினான்.

ஸ்காபரோ ஆக்களே, எப்போது ஊரைவிட்டுத் திரும்பி வாறியள் என்று இனிக் கேட்க வேண்டாம். இந்த வருடமும் இல்லை.

அன்புடன்,
இக்காலுயிட்டிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்
மே 2021