கூஸ் வேட்டைக்கு முதல்ல தேவை துவக்கில்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

செப்டம்பர் கிட்ட வந்தால் எங்கட பெடியள் கனபேர் ஒரே கேள்வியத்தான் கேக்கிறாங்கள், அண்ணை என்ன துவக்கு வாங்கலாம், எந்த டிக்கோய் (கூஸை ஏமாத்தி இறக்க வயலில வைக்கிற பொம்மைப் பறவை) நல்லதெண்டு. பார்க் முழுக்கப் பீ போட்டுத் திரியிற கனடா கூஸ் எண்ட காட்டு வாத்துத்தானே, வயலுக்குள்ள போய்ப் படுத்தால் தானா வந்து விழும் எண்டு நினைப்பு. முதல் தேடவேண்டியது வயல்காரரை.

லைசன்ஸ் விசயம் சுருக்கமா சொல்லுறன். துவக்கு வைச்சிருக்க பிஏஎல் எண்ட லைசன்ஸ் வேணும், கோர்ஸ் எடுத்து சோதினை பாஸ் பண்ணி மத்திய பொலிஸான ஆர்சிஎம்பிக்கு அப்ளை பண்ணினாலும் முதல்தரம் எடுக்கிற ஆக்கள் குறைஞ்சது 28 நாள் காத்திருக்கோணும், அதால ஆகஸ்ட் கடைசியில ஓடித்திரிஞ்சு சரிவராது. ஒன்டாரியோவில ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ், அவுட்டோர்ஸ் கார்ட், ஸ்மோல் கேம் (சின்ன மிருகம், பறவை வேட்டை) லைசன்ஸ் எல்லாம் எடுத்தாலும் காணாது, இந்தப் பறவையளுக்கு 1916 இல அமெரிக்காவோட செய்த ஒப்பந்தம் இருக்கிறபடியா மத்திய அரசின்ர பெர்மிட்டும் ஸ்டாம்பும் தனியா வாங்கோணும்.

இனி வயல். போர்ட் பெரி, லின்ட்சே பக்கம் பகல் வெளிச்சத்தில, சாதாரண உடுப்போட போய்க் கதவைத் தட்டி, வயலில வேட்டையாட விடுவியளோ எண்டு கேளுங்கோ. விதைச்ச குளிர்காலக் கோதுமையைக் கூஸ் மேயிறதால கனபேர் ஓமெண்டுதான் சொல்லுவினம். எங்கட முகத்தைப் பாத்து என்ன சொல்லுவினமோ எண்டு தயங்கிற பெடியள் இருக்கிறாங்கள், நான் கண்டமட்டில வயல்காரருக்கு முக்கியம் கேற்றைத் திருப்பிப் பூட்டினியோ, தோட்டாக் கோதைப் பொறுக்கினியோ, ஈர வயலுக்குள்ள ட்ரக்கை விட்டு உழக்கினியோ எண்டதுதான். ஏலாதெண்டு சொன்னால் தாங்ஸ் சொல்லிப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கோ.

வேட்டைக்கு முதல்நாள் பின்னேரம் காருக்குள்ள இருந்து பாக்கோணும். கூஸ் இரவில ஏரித் தண்ணியில தங்கி விடியத்தான் மேயப் பறக்கும், பின்னேரம் எந்த வயலில சோளம் பொறுக்கினதோ அனேகமா காலமையும் அங்கதான் இறங்கும், அடுத்த வயலில எவ்வளவு டிக்கோய் வைச்சாலும் மேலால பாத்துக்கொண்டு போயிடும். காத்துக்கு எதிராத்தான் இறங்கிறது, அதால காத்து உங்கட முதுகில படுறமாதிரிப் படுத்து, முன்னால டிக்கோய்களுக்கு நடுவில இறங்க வெறும் இடம் விடுங்கோ. நீங்கள் ஒளிச்சுப் படுக்கிற மறைப்பை (பிளைன்ட்) அதே வயலின்ர சோளத்தட்டால மூடுங்கோ, முகத்தையும் மூடோணும், அண்ணாந்து பாக்கிற முகத்தைத்தான் அது முதல் காணும்.

கூஸ் வேட்டைக்கு ஈயக் குண்டு 1999 இல இருந்து நாடு முழுக்கத் தடை, ஸ்டீல் மாதிரி நஞ்சில்லாத குண்டுதான் பாவிக்கோணும், துவக்குக்குள்ள மொத்தம் 3 தோட்டாதான். ஸ்டீல் கெதியா வேகம் குறையும், 35 யார் தூரத்துக்கு மேல சுட்டால் காயப்பட்டுப் பறந்துபோய் எங்கயோ கிடந்து சாகும், அது பாவம். தானியம் கொட்டி வரவழைக்கிறது குற்றம், அறுவடையில தானா சிந்தினது பிரச்சினையில்ல.

சுட்டதைச் சாப்பிடோணும், 2022 இல வந்த விதியின்படி இறைச்சியை வீணா எறியிறதே குற்றம். பறவைக் காய்ச்சல் இருக்கிறபடியா கிளவ்ஸ் போட்டு வெட்டுங்கோ. நெஞ்சிறைச்சியை மிளகும் சரக்குத்தூளும் போட்டுப் பிரட்டினால் ஆட்டிறைச்சி தேவையில்ல (மனுசி இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல).

சீசன் திகதி, ஒரு நாளைக்கு எத்தினை, எந்த முனிசிப்பாலிட்டியில ஞாயிற்றுக்கிழமை சுடலாம் எண்டதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், வருசா வருசம் ஆகஸ்டில உங்கட பேப்பரில ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாப் போடுவீங்களோ?

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்