பாப்வாவுக்கும் ஒரு லாக்கர் வேண்டும்

உலக கோல்ஃப் புகழ் மன்றத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கோல்ஃப் வரலாற்றை விடாமல் படிக்கும் ஒரு தமிழ் ரசிகன் எழுதுகிறேன். ஒரே ஒரு கோரிக்கைதான். அடுத்த முறை நீங்கள் பெயர்ப் பட்டியலோடு உட்காரும்போது, தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த செவ்சங்கர் ‘பாப்வா’ செவ்கோலத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

பாப்வா இந்திய வம்சாவளி ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளையர்கள் ஆடிய மைதானத்தில் பை சுமக்கும் வேலைக்குப் போய்த்தான் கோல்ஃபைப் பார்த்தார். பள்ளிப் படிப்பு இல்லை, பயிற்சியாளர் இல்லை. அதனால் மட்டையை இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தரவும் ஆள் இல்லை. வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள். பாப்வா நேர்மாறாக வலக்கையை மேலே வைத்தார். இன்று பட் அடிக்க, அதாவது குழியருகே பந்தை மெல்ல உருட்டிவிட, அப்படிப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். அவருக்கோ டீயிலிருந்து, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து, பந்தைத் தொலைவுக்கு விரட்டுவதற்கும் அதே பிடிதான். முழு வீச்சில் அந்தப் பிடியோடு பந்தை நேராக அனுப்ப முடியுமா என்று நீங்களே ஒருமுறை மைதானத்தில் முயன்று பாருங்கள். அவருடைய திறமை எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

டர்பனில் கிரஹாம் வுல்ஃப் என்றொரு வேதியியலாளர் இருந்தார், ஆயில் ஆஃப் ஓலே க்ரீமை உருவாக்கியவர். தன்னிடம் வேலை பார்த்த பாப்வாவை 1959இல் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். அந்த ஆண்டு டச்சு ஓப்பன் பட்டம் பாப்வாவுக்கு. 1960இலும் அவருக்கே. 1964இல் மூன்றாவது முறை. இடையில் 1963இல் ராயல் லித்தமில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் பதின்மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். வெளிநாட்டில் சாம்பியன், சொந்த ஊரில் அனுமதிச் சீட்டு இல்லாமல் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. இனஒதுக்கல் ஆட்சியில் அவர் நிலைமை அதுதான்.

1963, டர்பன் இருக்கும் நட்டால் மாகாணத்தின் நட்டால் ஓப்பன் போட்டி, டர்பன் கன்ட்ரி கிளப். சிறப்பு அனுமதி வாங்கி ஆடிய பாப்வா, வெள்ளை ஆட்டக்காரர்கள் எல்லோரையும் முந்தினார். பரிசளிப்பு நேரத்தில் மழை. மற்றவர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். வெள்ளையர் அல்லாதவர் உள்ளே நுழையக் கூடாது என்பதால், வென்றவருக்குக் கோப்பை வெளியே, மழையில் கொடுக்கப்பட்டது. நனைந்தபடி அவர் நிற்கும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகம் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலுக்கு அந்தப் படமும் வலு சேர்த்தது. அவர் மேடை ஏறிப் பேசியவர் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. அன்று ஜெயித்தார், அவ்வளவுதான்.

அப்புறம் 1965. அதே நட்டால் ஓப்பனை மறுபடியும் வென்றார். இந்த முறை அவரிடம் தோற்றவர்களில் தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் கேரி பிளேயரும் ஒருவர். அதே ஆண்டு பிளேயர் அமெரிக்க ஓப்பனை வென்று, கோல்ஃபின் நான்கு பெரிய பட்டங்களையும் பெற்ற மூன்றாவது மனிதர் ஆனார். உலகின் உச்சியில் இருந்த ஆட்டக்காரரைத் தோற்கடித்த பாப்வாவுக்கு அரசு என்ன செய்தது? வெள்ளையர்கள் ஆடும் போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை போட்டது. பாஸ்போர்ட்டையும் பறித்தது. உள்ளூரிலும் ஆட வழியில்லை, வெளிநாட்டுக்கும் போக வழியில்லை. முப்பதுகளில், ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் நல்ல வயதில், கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். 1978இல், ஐம்பதைத் தொடாமலே, மாரடைப்பில் வறுமையோடு போய்ச் சேர்ந்தார்.

உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடும்: ‘மூன்று டச்சு ஓப்பன், இரண்டு நட்டால் ஓப்பன். இது போதுமா?’ இந்தக் கேள்வியைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். அவர் ஆடித் தோற்ற போட்டிகளை எண்ணுங்கள், சரி. ஆட விடாமல் தடுக்கப்பட்ட போட்டிகளையும் அவர் கணக்கில் கழித்தால், தடை போட்ட அதிகாரியின் வேலையை நாமே முடித்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இதை நீங்களே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். 2004இல் அமெரிக்கக் கறுப்பின ஆட்டக்காரர் சார்லி சிஃபோர்டைச் சேர்த்தீர்கள். தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களின் சங்கமான அமெரிக்க பிஜிஏ தன் விதிகளிலிருந்து ‘வெள்ளையர் மட்டும்’ என்ற பிரிவை 1961இல்தான் நீக்கியது. அப்போது சிஃபோர்டுக்கு வயது 39. பிஜிஏ டூரில் அவர் வென்றது 1967இல் ஹார்ட்ஃபோர்டு, 1969இல் லாஸ் ஏஞ்சலிஸ், இரண்டே போட்டிகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. நீங்கள் அவர் கடந்து வந்த பாதையையும் பார்த்தீர்கள், சரியாகச் செய்தீர்கள். வட கரோலினாவில் பிறந்தவருக்கு வைத்த அந்த அளவுகோல் டர்பனில் பிறந்தவருக்கு மட்டும் ஏன் மாற வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. கேரி பிளேயர் 1974இலிருந்தே உங்கள் மன்றத்தில் இருக்கிறார், முழுத் தகுதியோடு இருக்கிறார். ஆனால் அதே காலத்துத் தென்னாப்பிரிக்க கோல்ஃபைக் காட்டும்போது அவரை வென்ற பாப்வா இல்லை என்றால், பாதிக் கதைதான் பார்வையாளருக்குக் கிடைக்கிறது. டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் இருக்கும் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குப் பாப்வாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் ஊர் தன் கடனில் கொஞ்சமாவது தீர்த்திருக்கிறது.

உறுப்பினர்களுக்கென்று உங்கள் அருங்காட்சியகத்தில் லாக்கர்கள் வைத்திருக்கிறீர்கள். உடை மாற்றக்கூட கிளப்புக்குள் விடப்படாத மனிதருக்கு அவற்றில் ஒன்றை ஒதுக்குங்கள். ஆட்டக்காரர் என்ற பிரிவில் விதி இடம் தரவில்லை என்றால் பங்களிப்பாளர் பிரிவில் சேருங்கள். என்னைக் கேட்டால் ஆட்டக்காரராகவே சேர்க்க வேண்டும். அவர் வென்றது மைதானத்தில். குடும்பத்தாரை அழையுங்கள். பட்டயத்தில் 1963, 1965 இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள், 1965க்குப் பிறகு ஏன் எந்த ஆண்டும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு கோல்ஃப் ரசிகன்